கரை1 ஏற்கெனவே இருக்கிறது

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களிடம் ஏதாவது பேசும்படி அழைத்தார்கள். ஊக்கமூட்டுவதாக இருந்தால் நல்லது என்றும் சொன்னார்கள். ஊக்கம் உங்களிடம் ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கிறது. மதியம் உங்கள் குழுவின் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவர் தான் செய்த மாற்றத்தை ரிவ்யூவுக்கு அனுப்பினார். அவர் கையிலிருந்த சாயா ஆறுவதற்குள் மூன்று பேர் கட்டைவிரலை உயர்த்திவிட்டார்கள். ஒருவர் எழுதியதை மற்றவர்கள் படித்துப் பார்த்து ஒப்புதல் தருவதற்குப் பெயர்தான் ரிவ்யூ. அதிலிருந்து 'படித்து' என்ற சொல் எந்த வருஷம் கழன்று விழுந்தது என்று தெரியவில்லை.

ஆகையால் உங்களுக்கு ஊக்கம் வேண்டாம். ஒரு ஷெல் ஸ்கிரிப்டின் கதையைச் சொல்கிறேன். கணினிக்கு எழுதிக் கொடுக்கும் கட்டளைப் பட்டியல், பத்து வரி கூட இல்லாதது.

அப்போது நான் கழக்கூட்டத்தில் ஒரு நிறுவனத்தில் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் குழுவில் இருந்தேன். ஆரியசாலையிலிருந்து தம்பானூர் வந்து பஸ் பிடித்துப் போவேன். ஓய்வு பெறச் சில வருஷங்களே இருந்தன. மலையாளத்தில் சேச்சி என்றால் அக்கா. 'சேச்சிக்கு எல்லாம் தெரியும்' என்று எல்லாரும் சொல்வார்கள். அப்படிச் சொல்லிவிட்டால் என்னிடம் எதையும் கேட்க வேண்டியதில்லை, பாருங்கள்.

எங்களிடம் இருந்த வேலைகளில் ஒன்று கடல் எச்சரிக்கை. மீன்பிடிக் கரைகள் ஒவ்வொன்றிலும் ஒரு ஒலிபெருக்கிப் பெட்டி உண்டு. அலை உயரும், காற்று பலக்கும், கடலுக்குப் போகாதீர்கள் என்று அரசுத் துறை ஒன்றிலிருந்து செய்தி வரும். எங்கள் சர்வர் அதைப் பெட்டிகளுக்கு அனுப்பும், பெட்டி உரக்கச் சொல்லும். எந்தெந்தப் பெட்டிக்கு அனுப்ப வேண்டும் என்பது ஒரு கான்ஃபிக் கோப்பில் இருந்தது. கரை1, கரை2, கரை3 என்று வரிக்கு ஒரு பெயர். விழிஞ்ஞத்தில் இருந்ததுதான் கரை1.

அந்தக் கோப்பில் பெயர்களைச் சேர்க்க ஒரு ஸ்கிரிப்ட் இருந்தது. யாரோ எழுதிவிட்டு வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டார்கள். அதற்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: கோப்பின் கடைசியில் பெயரை ஒட்டு. ஏற்கெனவே அங்கே அந்தப் பெயர் இருக்கிறதா என்று அது பார்க்காது. ஒவ்வொரு முறை மென்பொருளைப் புதுப்பிக்கும்போதும் ஸ்கிரிப்ட் ஓடும், எல்லாப் பெயரையும் மறுபடி ஒட்டும். நாளடைவில் கரை1 என்ற வரி கோப்பில் ஏழெட்டு இடத்தில் உட்கார்ந்துவிட்டது. சர்வர் வரிக்கு ஒரு தடவை அனுப்பும். ஆகவே விழிஞ்ஞத்துப் பெட்டி ஒரே எச்சரிக்கையை ஏழெட்டுத் தடவை சொல்லும்.

இதை எங்களில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஸ்டெல்லா போன் செய்துதான் தெரிந்தது. கரை1 பெட்டியின் சாவி அவளிடம் இருந்தது. தூத்தூர்ப் பக்கத்துப் பெண், விழிஞ்ஞத்தில் வாழ்க்கைப்பட்டவள். கணவனும் கொழுந்தனும் கடலுக்குப் போகிறவர்கள். உதவி எண்ணுக்கு அடித்து, மலையாளத்தில் பேசிப் பார்த்து, ஆங்கிலத்தில் பதில் வந்ததும் சலித்து, தமிழில் திட்டியிருக்கிறாள். தமிழ் என்பதால் என்னிடம் மாற்றிவிட்டார்கள்.

"ஒரு தடவெ சொன்னா கடலுக்குப் போறவன் கேப்பான் அக்கா. எட்டுத் தடவெ சொன்னா ரேடியோ பாடுதுன்னு நெனைப்பான். நேத்து சாக்கெக் கொண்டு பெட்டிக்கு வாயெ கெட்டிப் போட்டாவ."

நான் அதைப் புகாராகப் பதிந்தேன். மேலிடத்தில் அதற்குக் கொடுத்த தகுதி 'குறைந்த முன்னுரிமை'. செய்தி போகாமல் இருந்தால்தான் பிரச்சனை, அதிகம் போவது ஒரு வகையில் சேவைதானே என்றார் எங்கள் மேலாளர் பிரசாத். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவர்களைச் சமாளிப்பது எளிது. இவர் அவசரமான நல்லவர்.

சில வாரங்களில் கரை1 பெட்டி வேலை செய்யாமல் போனது. பழுது பார்க்கப் போனவர்கள் காரணம் 'உப்புக்காற்று' என்று எழுதினார்கள். அவர்கள் எடுத்து வந்த படத்தை நான் பார்த்தேன். வயர் ஒரே சீராக நறுக்கப்பட்டிருந்தது. உப்புக்காற்றுக்குக் கத்தி பிடிக்கத் தெரியும் என்று அன்றுதான் அறிந்தேன். பெட்டியைக் கழற்றி எடுத்து வந்தார்கள். சரிசெய்து திரும்ப வைக்கும்வரை இருக்கட்டும் என்று கரை1 வரிகளையெல்லாம் கோப்பிலிருந்து நீக்கினோம்.

துறையுடன் ஒப்பந்தம் புதுப்பிக்கும் காலம் வந்ததும் அந்தக் குறைந்த முன்னுரிமை ஒரே நாளில் தலைபோகிற முன்னுரிமை ஆனது. அதிகாரி நேரில் வருகிறார், அதற்குள் இந்த இரட்டை வரிகள் ஒழிய வேண்டும் என்றார் பிரசாத். வேலை ஹரியிடம் போனது. வலியசாலைத் தமிழ்ப் பையன், கெட்டிக்காரன், வேலைக்கு வந்து மூன்றாவது வருஷம். என்னிடம் வீட்டுத் தமிழில் பேசுவான். பயம் வந்தால் மலையாளத்துக்கு மாறிவிடுவான்.

ஹரி செய்தது சரியான காரியம். கோப்பில் இருந்த இரட்டைகளைக் களைந்தான். ஸ்கிரிப்டில் ஒரு கேள்வியைச் சேர்த்தான்: ஒட்டுவதற்கு முன் இந்தப் பெயர் கோப்பில் இருக்கிறதா என்று தேடு, இருந்தால் 'ஏற்கெனவே இருக்கிறது' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடு. சோதித்தும் பார்த்தான். இருக்கிற பெயரைக் கொடுத்தான், மறுபடி ஒட்டவில்லை. இல்லாத ஒரு பெயரைக் கொடுத்தான், ஒட்டியது. ரிவ்யூவுக்கு அனுப்பினான். நான்கு ஒப்புதல்கள் மளமளவென்று வந்தன. 'அருமை' என்றார் ஒருவர். இன்னொருவர் ராக்கெட் படம் போட்டார். ஐந்தாவதாக என் பெயர் இருந்தது.

நான் படித்தேன். பெருமைக்குச் சொல்லவில்லை, அன்று எனக்கு வேறு வேலை இல்லை. அந்தத் தேடல் வரி, கொடுத்த பெயர் கோப்பில் எங்கே தென்பட்டாலும் 'இருக்கிறது' என்று சொல்லிவிடும். முழு வரியும் அதுதானா என்று பார்க்காது. கரை1 என்று தேடினால் கரை12 என்ற வரி கண்ணில் படும். அதற்குள் கரை1 என்ற எழுத்துகள் இருக்கின்றன அல்லவா? 'ஆஹா, இருக்கிறது' என்று ஸ்கிரிப்ட் போய்விடும். கரை1 கோப்பில் சேராது. கரை1 அப்போது கோப்பில் இல்லை என்பதும், பெட்டி அந்த வாரம்தான் விழிஞ்ஞத்துக்குத் திரும்பப் போகிறது என்பதும் எனக்குத் தெரியும்.

ரிவ்யூவில் ஒரே ஒரு கேள்வி எழுதினேன்: கரை12 இருந்து கரை1 இல்லாத கோப்பில் இதை ஓட்டிப் பார்த்தீர்களா?

ஹரிக்கு உடனே புரிந்துவிட்டது. இரண்டு எழுத்துச் சேர்த்தால் போதும், தேடல் முழு வரியை மட்டும் பார்க்கும். இதோ மாற்றிவிடுகிறேன் என்று ஓடி வந்தான். பிரசாத் தடுத்தார். எங்கள் முறைப்படி ஒரு எழுத்தை மாற்றினாலும் அதுவரை வாங்கிய ஒப்புதல்கள் எல்லாம் செல்லாமல் போய்விடும். மறுபடி நான்கு பேரிடம் வாங்க வேண்டும். நால்வரில் ஒருவர் கல்யாண வீட்டுக்குக் கண்ணூர் போயிருந்தார், இப்போது போனில் கிடைக்கவில்லை. இப்போது இப்படியே போகட்டும், சேச்சி சொன்னதை அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம், அது எப்போதாவது நடக்கிற சங்கதிதானே என்றார். படிக்காமல் கொடுத்த நான்கு ஒப்புதல்களைக் காப்பாற்ற, தெரிந்த பிழையை உள்ளே விடுவது என்று முடிவாயிற்று. நான் ஒப்புதல் தரவில்லை. மேலாளருக்கு நான் இல்லாமலே அதைச் சர்வருக்குள் விட அதிகாரம் உண்டு. அதிகாரி வந்த அன்று காலையில் விட்டுவிட்டார். அதை எனக்குச் சொல்ல யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

மதியத்துக்கு மேல் கூட்டம். அதிகாரி வந்து உட்கார்ந்தார், மெலிந்த மனிதர், அதிகம் பேசாதவர். பழம்பொரி, அதாவது வாழைப்பழ பஜ்ஜி, வந்தது. பெரிய திரையில் பிரசாத் ஒரு வரைபடம் காட்டினார். புகார்களின் கோடு மலையிலிருந்து இறங்கி வந்து தரையில் படுத்திருந்தது. ஒரு சோதனைச் செய்தி அனுப்பினார்கள். திரையில் எல்லாப் பெட்டிகளும் பச்சை. ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு தடவை. யாரோ கைதட்டினார்.

நான் பச்சைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் திரை கோப்பில் உள்ள பெயர்களை மட்டுமே காட்டும். கோப்பில் இல்லாத பெட்டி அங்கே சிவப்பாகத் தெரியாது. தெரியவே தெரியாது. வகுப்பில் பெயரே இல்லாத பிள்ளைக்கு ஆப்சென்ட் கூடப் போட முடியாதே.

அந்த நேரத்தில் அதிகாரியின் போனுக்குச் செய்தி வந்தது. கள்ளக்கடல் எச்சரிக்கை. உங்களில் கடற்கரைக்காரர் இல்லாதவர்களுக்குச் சொல்கிறேன்: காற்றும் இருக்காது, மழையும் இருக்காது, வானம் தெளிவாக இருக்கும், எங்கோ தொலைவில் எழுந்த அலை வந்து கரைக்குள் ஏறும். திருடன் மாதிரி வருவதால் அந்தப் பெயர். சாயங்காலத்துக்குள் என்று செய்தி சொன்னது. இதை விட நல்ல செயல்விளக்கம் கிடைக்குமா என்ற முகத்தோடு பிரசாத் அனுப்பச் சொன்னார். அனுப்பினார்கள். மறுபடி எல்லாம் பச்சை.

இங்கேதான் நான் என்ன செய்தேன் என்று நீங்கள் கவனிக்க வேண்டும். எழுந்து நின்று 'நான் அன்றைக்கே சொன்னேன்' என்று தொடங்கியிருக்கலாம். நாக்கு துறுதுறுத்தது. ஆனால் அப்போது என்னிடம் இருந்தது சந்தேகம் மட்டும்தான். அதைச் சபையில் வைத்தால் விவாதம் நடக்கும், மூன்று பேர் எனக்கு விளக்கம் சொல்வார்கள், கடல் காத்திருக்காது. நான் வெளியே போய் ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டேன்.

பெட்டி வந்துவிட்டதா என்று கேட்டேன். முந்தின நாளே மாட்டிவிட்டுப் போனார்களாம். ஏதாவது சொன்னதா என்றேன்.

"இல்லியே அக்கா. நேத்துலேருந்து அனக்கமே இல்ல. நல்ல பிள்ளையா இருக்கு."

கள்ளக்கடல் வருகிறது, சாயங்காலத்துக்குள், வள்ளங்களை மேலே ஏற்றச் சொல் என்றேன். பின்னணியில் பிள்ளைகள் விளையாடும் சத்தம் கேட்டது.

"பெட்டி சொல்லேல்ல. வானத்தெப் பாத்தா கண்ணாடி மாதிரி இருக்கு. நீங்க மட்டும் சொல்லுதிய. நான் போய்ச் சொன்னா ஆரு கேப்பா?"

"பெட்டி பேசாததுக்கு எங்க ஆபீசுதான் காரணம் ஸ்டெல்லா. கடலு வரது நெசம். பள்ளியில மைக் இருக்குல்லா?"

"உண்டு" என்று சொல்லி வைத்துவிட்டாள். அந்த ஊரில் தேவாலயமும் பள்ளி, மசூதியும் பள்ளி. எந்தப் பள்ளி என்று நான் கேட்கவில்லை. இரண்டிலும் அறிவித்தார்கள் என்று பிறகு தெரிந்தது.

உள்ளே வந்து, அதிகாரியைப் பார்த்து, விழிஞ்ஞத்துப் பெட்டிக்குச் செய்தி போகவில்லை, அங்கே பேசிவிட்டுத்தான் வருகிறேன் என்றேன். நெட்வொர்க்காக இருக்கும் என்றார் பிரசாத். இந்த ஊரில் பாதிப் பாவங்களைச் சுமப்பது நெட்வொர்க்தான். கோப்பையே திறந்து காட்டும்படி கேட்டேன். ஹரி திறந்தான். பெரிய திரையில் பெயர்கள் வரிசையாக ஓடின. கரை2 இருந்தது, கரை10, கரை11, கரை12 எல்லாம் இருந்தன. காலையில் ஸ்கிரிப்ட் ஓடியபோது எழுதிய குறிப்பையும் திறந்தான். 'கரை1 ஏற்கெனவே இருக்கிறது' என்று அது சாதித்திருந்தது.

அதிகாரி கையிலிருந்த பழம்பொரியைத் தட்டில் வைத்தார். "அப்போள் கரை ஒண்ணு எவிடெ?" என்று கேட்டார்.

எங்கே என்று தேடி ஹரி வரிசையை மறுபடி மேலிருந்து ஓட்டினான்.

கரை1 வரியை இப்போதே கையால் சேர்த்து எச்சரிக்கையை அனுப்பலாம் என்றேன். அப்போது பிரசாத் ஒன்று சொன்னார், இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. ஓடிக்கொண்டிருக்கிற சர்வரில் நேரடியாகக் கைவைப்பது முறையில்லை, முதலில் முறைப்படி ஒப்புதல் வாங்க வேண்டும் என்றார். காலையில் என் ஒப்புதலுக்குக் காத்திராமல் உள்ளே விட்டவர் அவர்தான். சிலருக்கு நடைமுறை என்பது குடை மாதிரி. மழை தங்கள் தலையில் பெய்யும்போது மட்டும் விரிப்பார்கள்.

விழுந்தவனை முதலில் தூக்குவோம், கிணற்றுக்கு மூடியை நாளைக்குச் செய்யலாம் என்றேன். அதிகாரி தலையசைத்தார். ஹரி மலையாளத்துக்கு மாறியிருந்தான். பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். தட்டச்சு செய்ததை உரக்க வாசி, பிறகு அழுத்து என்றேன். வாசித்தான். அழுத்தினான். எனக்குப் போன் வந்தது. ஸ்டெல்லா பேசவில்லை, போனைப் பெட்டியின் பக்கம் பிடித்திருந்தாள். பெட்டி எச்சரிக்கையைச் சொல்லிக்கொண்டிருந்தது. ஆபத்து நேரத்துக்கு இதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: திரை பச்சை என்றால் அது திரையின் அபிப்பிராயம். போய்ச் சேர்ந்த இடத்தில் உள்ள மனிதரிடம் கேளுங்கள்.

கடல் அன்று ஏறியது. சாலைவரை தண்ணீர் வந்தது. சில வலைகள் போயின, ஒரு வள்ளம் சுவரில் மோதி உடைந்தது. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பெரும்பாலும் பள்ளி மைக்குகளால்.

அடுத்த நாள் விசாரணைக் கூட்டம். அறிக்கையை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார்கள். அதில் யாரும் எதுவும் செய்யவில்லை, எல்லாம் தாமாகவே நேர்ந்திருந்தன. 'தகவல் பரிமாற்றத்தில் இடைவெளி ஏற்பட்டது.' 'சரிபார்ப்பு விடுபட்டது.' ஒரே ஒரு வாக்கியத்தில் மட்டும் மனிதப் பெயர் இருந்தது: ஹரியின் கவனக்குறைவு.

நால்வரிடமும் தனித்தனியே கேட்டேன், என்ன பார்த்து ஒப்புதல் கொடுத்தீர்கள் என்று. முதலாமவர் மற்ற மூவரும் பார்த்திருப்பார்கள் என்று நினைத்தாராம். இரண்டாமவர், முதலாமவர் பார்த்தாரே என்று கொடுத்தாராம். மூன்றாமவர் வரிகளின் இடைவெளி சீராக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தாராம், இருந்ததாம். கண்ணூர் போனவர், கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு போனில் அழுத்தினேன் என்று நேர்மையாகச் சொன்னார். அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது.

"எழுதினவன் ஒருத்தன். ஒப்புதல் கொடுத்தவங்க நாலு பேர். அந்த அஞ்சு பேர்ல ஸ்கிரிப்டை முழுசாப் படிச்சது ஹரி ஒருத்தன்தான். அவன் பேரு இருக்கணும்னா மத்த நாலு பேரும் இருக்கணும், உள்ள விட்டவர் பேரும் இருக்கணும். இல்லைன்னா இவன் பேரையும் எடுங்க" என்றேன்.

பிறகு, ஆறு பெயர்களை எழுதுவதை விட ஒரு பெயரை எடுப்பது எளிது என்று அவர்களுக்குத் தோன்றியது. ஹரியின் பெயரை எடுத்தார்கள். பிழை தானாகவே நேர்ந்ததாக முடிந்தது. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. ஆனால் ஒருவன் தலையிலாவது விழாமல் போனது. அதற்குப் பின் அந்த வருஷம் எனக்கு வந்த மதிப்பீட்டில் 'குழு மனப்பான்மை வளர வேண்டும்' என்று இருந்தது. வளர்க்க முயன்றேன், வயதாகிவிட்டது.

ஸ்கிரிப்டைத் திருத்தினோம். இரண்டு எழுத்து. கூடவே ஒரு சோதனை: கரை12 இருந்து கரை1 இல்லாத கோப்பு. இந்த முறை ரிவ்யூவில் ஒப்புதல்கள் வரவே இல்லை. ஒருவரும் முதல் ஆளாக இருக்க விரும்பவில்லை. கடைசியில் ஒருவர் வந்து, இந்த இரண்டு எழுத்தும் என்ன செய்கின்றன என்று கேட்டார். அதைத்தான் நான் ரிவ்யூ என்று சொல்வேன். உங்களிடம் நான் கேட்பதும் அவ்வளவுதான். தெரியாததைக் கேளுங்கள், கேட்க வெட்கமாக இருந்தால் கட்டைவிரலைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு தடவை வருகிற பிழை சத்தம் போடும், யாராவது திட்டுவார்கள், சாக்கைச் சுற்றுவார்கள். வராமலே போகிற பிழையை யாரும் திட்ட மாட்டார்கள். புகார் இல்லை என்று நீங்கள் வரைபடம் போட்டுப் பழம்பொரி தின்னலாம்.

மழைக்காலம் தொடங்கியபின் ஒருநாள் பலத்த காற்று என்று எச்சரிக்கை வந்தது. எல்லாப் பெட்டிக்கும் போனது, கரை1 உட்பட, சரியாக ஒரே ஒரு தடவை. ஹரி என் மேசைக்கு வந்து நின்று சிரித்தான். அவன் சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஸ்டெல்லாவின் போன்.

"அக்கா, பெட்டி ஒரு தடவெதான் சொல்லிச்சு. இது நெசந்தானா?"

நெசம்தான் என்றேன். இனி அப்படித்தான் வரும், ஒரு தடவைதான் என்றேன்.

"எனக்கு மனசிலாச்சு. ஆனா இங்கெ ஆம்பிளையளுவ வள்ளத்தெத் தண்ணிக்குத் தள்ளி வச்சிட்டு நிக்குதாவ. காரியம்னா பெட்டி இன்னொரு தடவெ சொல்லும்லா, சொல்லட்டும், அப்பொ எறங்காம இருக்கலாம்னு சொல்லுதாவ."

நான் ஹரியைப் பார்த்தேன். அவன் சிரிப்பு நின்றிருந்தது. எங்கள் ஸ்கிரிப்ட் சரியாக இருந்தது. கோப்பும் சரியாக இருந்தது. அதில் திருத்த இனி ஒரு எழுத்தும் இல்லை.

"அப்பொ ரெண்டாவது தடவெய நீ போய்ச் சொல்லு" என்றேன்.